குமிழி வந்ததும் நிறுத்தக் கூடாது

நீலப் பந்து மட்டும் மேலே போய் இடித்துக்கொண்டு நின்றது. மஞ்சள் பந்து ஒரு விரற்கடை எழும்பி, என்ன நினைத்ததோ, திரும்ப உட்கார்ந்துவிட்டது. பச்சைப் பந்து இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. "விடாதீங்கய்யா, இழுங்க, இழுங்க, இன்னும் கொஞ்சம்" என்று கட்டிலோரம் நின்று பர்வீன் சொல்லிக்கொண்டிருந்தாள். மூச்சுப் பயிற்சி கொடுப்பதற்கென்றே அந்த வார்டுக்குக் காலையும் மாலையும் வருகிற பிசியோதெரபிப் பெண் அவள். வயது இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. குருவையா இழுத்துக்கொண்டுதான் இருந்தார். இழுப்பதுபோல இருந்தார் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். நாலு நாளாக இந்த மூன்று பந்துப் பெட்டியோடு மல்லுக்கட்டியதில், எவ்வளவு இழுத்தால் எந்தப் பந்து எழும்பும் என்பது அவருக்கு அத்துபடியாகிவிட்டது. முந்தாநாள் மத்தியானம் யாரும் பார்க்காத நேரத்தில் மூன்று பந்தையும் எழுப்பி, மூன்று எண்ணும்வரை நிறுத்தியும் பார்த்துவிட்டார். பார்த்ததும் சந்தோஷம் வரவில்லை, பெட்டியை அவசரமாகத் தலையணைக்குப் பின்னால் தள்ளிவிட்டார். மூன்று பந்தும் எழும்பினால் நுரையீரலில் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். தெம்பு இருந்தால் வெட்டுவார்கள். அதனால் நேற்றும் இன்றும் நீலப் பந்து மட்டும்தான். குழாயை வாயிலிருந்து எடுத்து, "இவ்வளவுதாம்மா வருது" என்றார். பொய் சொல்லும்போது குரல் எப்போதும் கொஞ்சம் இறங்கிவிடும் அவருக்கு. நோயாளிக்கு அந்தக் குரல் பொருத்தமாகவே இருந்தது.

பெரிய டாக்டர் செவ்வாய்க்கிழமை சொன்னது எல்லாமே காதில் விழுந்தது, எல்லாமும் உள்ளே போகவில்லை. வலது பக்க நுரையீரலில் மூன்று பாகம், அதில் மேல்பாகத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி, ஊசி விட்டு எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய்தான் என்று தெரிந்துவிட்டது, நல்லவேளை வேறு எங்கும் பரவவில்லை, அந்தப் பாகத்தை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். "வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு ஊதுற டெஸ்ட் இருக்கு. அதுல தேறிட்டீங்கன்னா திங்கட்கிழமை ஆபரேஷன். தேறலைன்னா வெட்ட முடியாது. மருந்து, கரண்டு வைக்கிற கதிர்வீச்சுன்னு வேற வழி பாக்கணும். ஆனா எடுத்துடுற மாதிரி வராது." தேறலைன்னா வெட்ட முடியாது. அது மட்டும் அவருக்குள் ஒட்டிக்கொண்டது, அதற்கு முன்னால் சொன்னதும் பின்னால் சொன்னதும் வழிந்து போய்விட்டன. சொல்லிக்கொண்டே டாக்டர் அவர் சட்டைக்கு மேலேயே விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். தோள்பட்டைக்குக் கீழே ஆரம்பித்து விலாவைச் சுற்றி நெஞ்சுக்கு வருகிற கோடு. இப்படித் திறப்போம் என்றார். திறப்போம். பீரோவைத் திறப்பதுபோலச் சொல்லிவிட்டார். அன்றையிலிருந்து அந்தக் கோடு போன தடத்தில் அரித்துக்கொண்டே இருக்கிறது. சொறியவும் பயம், கை பட்டால் அங்கே பிரிந்துகொள்ளும் போல. தேறலைன்னா வெட்ட முடியாது. அப்போது தேறாவிட்டால் சரி. சாத்தூர் பஸ் ஏறி, பைபாஸில் இறங்கி, பஞ்சர் கடையைத் திறந்து, டயருக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளலாம். அதற்கப்புறம்? அதற்கப்புறம் என்ற இடம் வந்ததும் மனசு வாசலிலேயே திரும்பிக்கொண்டு முதலிலிருந்து நடக்கும். பீரோ. கோடு. தேறலைன்னா. எதிர்ச் சுவரில் கடிகாரம் பத்தேகால் காட்டியது. இன்று வெள்ளி.

தேறாமலிருக்க வழியைக் காட்டிக்கொடுத்தது பர்வீன்தான், பாவம், அவளுக்குத் தெரியாது. நேற்றுச் சாயங்காலம் அவருக்குத் தைரியம் சொல்வதாக நினைத்து, "டெஸ்ட்ல நாமதான் முழு மூச்சையும் குடுக்கணும்ய்யா. பாதி ஊதினா மெஷினுக்கு என்ன தெரியும், இவருக்கு அவ்வளவுதான்னு எழுதிரும்" என்றாள். அவ்வளவுதான். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். முப்பத்திரண்டு வருஷமாகப் பஞ்சர் கடை. ஆணியை ரோட்டில் தூவிவிட்டு வண்டிக்குக் காத்திருக்கிற ஆட்களையும் அவருக்குத் தெரியும். அவர் அந்த ரகம் இல்லை. ஓட்டை இல்லாத டியூபில் ஒரு ஒட்டுக்கூடப் போட்டதில்லை என்று கடைவாசலில் நின்று யாரிடமும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். அந்த நெஞ்சைத்தான் இப்போது திறக்கப் போகிறார்கள். திறக்கவிடாமல் இருக்க ஒரு மெஷினை ஏமாற்றினால் அதில் என்ன பாவம், மெஷின் என்ன அழவா போகிறது, ஆனாலும் யாரையோ ஏமாற்றுகிறோம் என்று உள்ளே ஒன்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தது, யாரை என்றுதான் பிடிபடவில்லை.

பந்துப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுப் பர்வீன் பாட்டிலை எடுத்தாள். பாதிவரை தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் பாட்டில், அதற்குள் ஒரு ரப்பர் குழாய். குழாயில் மெதுவாக, நீளமாக ஊத வேண்டும், தண்ணீரில் குமிழி கிளம்பிக்கொண்டே இருக்க வேண்டும். மூலை முடுக்கில் சுருங்கிக் கிடக்கிற காற்றறைகளெல்லாம் அப்போதுதான் விரியுமாம். இதை முதல் நாள் செய்தபோது நடந்ததை இரண்டு நர்சுகளிடம் சொல்லிச் சிரித்துவிட்டாள் இவள். அவர் ஊதினார். நாலைந்து குமிழி வந்தது. குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டார். "ஏன்ய்யா நிறுத்திட்டீங்க?" "அதான் குமிழி வந்துருச்சுல்லம்மா." மறுபடி ஊதச் சொன்னாள், மறுபடியும் குமிழி வந்ததும் எடுத்துவிட்டார். பாட்டிலைத் திருப்பித் திருப்பி எதையோ தேடவும் செய்தார். பஞ்சர் பார்க்க டியூபில் காற்றடித்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிச் சுற்றிக்கொண்டே வருவார்கள், எங்கே குமிழி விடுகிறதோ அங்கே ஓட்டை, விரலை வைத்து அடையாளம் போட்டுவிட்டு டியூபை வெளியே எடுக்க வேண்டியதுதான். குமிழி வந்த பிறகும் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறவன் வேலை தெரியாதவன். முப்பத்திரண்டு வருஷம் கை கற்றதை நாலு நாளில் எப்படி மறக்கும்? "குமிழி வந்ததும் நிறுத்தக் கூடாதுய்யா, அதுக்கப்புறம்தான் பயிற்சியே" என்று பர்வீன் தினமும் சொல்கிறாள். இன்றும் சொன்னாள். அவர் ஊதினார். குமிழிகள் கிளம்பின. எடு, எடு, ஓட்டை தெரிந்துவிட்டது, எடு என்று கை பரபரத்தது. எடுக்காமல் ஊதிக்கொண்டே இருந்தார், பார்வை மட்டும் பாட்டிலை விட்டு நழுவிப் பக்கத்துக் கட்டிலுக்கடியில் போய் நின்றது. அங்கே போகக் கூடாது என்று காலையிலிருந்து எத்தனை தடவை அவரே அவருக்குச் சொல்லியிருந்தார்.

பக்கத்துக் கட்டிலில் சவரிமுத்து. திண்டுக்கல் பக்கம், இவரைவிட நாலைந்து வயது இளையவர். இதே வியாதி, இதே ஆபரேஷன், போன திங்கட்கிழமை முடிந்து நாலு நாள் ஆகிறது. விலாவிலிருந்து ஒரு குழாய் இறங்கிக் கட்டிலுக்கடியில் இருக்கிற கண்ணாடிப் பாட்டிலுக்குள் போகிறது, பாட்டிலில் தண்ணீர். சவரிமுத்து இருமினால் அந்தத் தண்ணீரில் குமிழி விடுகிறது. வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள், அவர்களுக்கு அது பாட்டில். குருவையாவுக்கு அது தொட்டி. முதல் நாள் பார்த்தபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஓட்டை இருக்கிறது. இவர்கள் வெட்டித் தைத்த இடத்தில் ஓட்டை இருக்கிறது. அவரால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, பர்வீனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "காத்து கொஞ்ச நாளைக்குக் கசியத்தான்ய்யா செய்யும். தானா ஒட்டிக்கிரும். மொத நாளைக்கு இன்னைக்குக் குறைஞ்சிருக்கு பாருங்க." குறைந்துதான் இருந்தது, அவர் எண்ணியே பார்த்தார், ஒரு இருமலுக்கு ஆறு வந்தது இப்போது இரண்டு. ஆனால் குறைவதும் நிற்பதும் ஒன்றா? தண்ணீர் அடங்கும்வரை காத்திருந்தால் அரை நிமிஷத்துக்கு ஒரு குண்டூசித் தலை அளவு குமிழி எழும்புமே, அந்த ஓட்டைதான் பொல்லாதது, நடுவழியில் கொண்டுபோய் நிறுத்திவிடும். தானாக ஒட்டிக்கொண்ட டியூபை அவர் கண்டதில்லை. ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்ட டியூபைத் தூக்கிக் காட்டி, "இது இனி தாங்காதுண்ணே, புதுசு மாத்திருங்க" என்று எத்தனை பேரிடம் எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருப்பார். இதற்குப் புதுசு எங்கே கிடைக்கும்? சவரிமுத்து இவர் பார்ப்பதைப் பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தார். இருமல் வந்துவிட்டது அவருக்கு. குருவையா கண்ணை இறுக மூடிக்கொண்டார், மூடியும் பயனில்லை, தண்ணீருக்குள் எழும்புகிற அந்தச் சத்தத்தை எந்தச் சந்தையிலும் அவர் காது கண்டுபிடித்துவிடும்.

"இப்ப தலைகாணிய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு இருமுங்க பாப்போம்" என்றாள் பர்வீன். ஆபரேஷனுக்குப் பிறகு இருமினால் தையல் போட்ட இடம் உயிர்போக வலிக்குமாம், வலிக்குப் பயந்து இருமாமல் இருந்தால் சளி உள்ளேயே கட்டிக் காய்ச்சல் வந்துவிடுமாம், அதனால் இப்போதே தலையணையை அந்தப் பக்கத்து விலாவோடு சேர்த்து அமுக்கி இருமப் பழகிக்கொள்ள வேண்டுமாம். இன்னும் வராத வலிக்கு இன்றைக்கே தலையணை. முத்துக்கனி தலையணையைத் தட்டி நீட்டினாள். அவர் மனைவி. கட்டில் காலடியில் ஸ்டூல் போட்டு நாலு நாளாக உட்கார்ந்திருக்கிறாள், சாப்பிடக் கூப்பிட்டால் சாப்பிடுகிறாள், மற்றபடி ஒரு பேச்சும் கிடையாது. இருபது வருஷம் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவள், ஊர்க்கதை பேசிக்கொண்டே அடுக்குவாள், பெட்டியைப் பார்க்கக்கூட மாட்டாள், கணக்கு மட்டும் தப்பாது. இவள் வாயை இப்படி அடைத்துப்போட்டது எது என்று நினைக்கவே பயமாக இருந்தது. அவள் எதையாவது சொல்லித் திட்டினால் தேவலை. பீடி குடிச்சுக் குடிச்சே சீரழிஞ்சீங்க என்று சொன்னால்கூடத் தேவலை. அதுதான் விட்டுப் பதினாலு வருஷம் ஆகிறதே, விட்டதற்கு ஒரு மரியாதை வேண்டாமா, பதினாலு வருஷம் கழித்து வந்து கதவைத் தட்டுகிறதென்றால் என்ன நியாயம் என்று அவளிடம் சண்டை போடலாம். வியாதி முதலில் தலைகாட்டிய அன்றைக்குக் கடையில் ஒரு பள்ளிக்கூட வேன். டியூபை ஒட்டி, டயரில் மாட்டி, காற்று நிரப்பி, வால்வு கசிகிறதா என்று பார்க்க வழக்கம்போல நாக்கில் விரலைத் தொட்டு எச்சிலை வால்வு வாயில் வைத்தார். குமிழி வரவில்லை, வால்வு கெட்டி. எச்சில் சிவப்பாக இருந்தது. டிரைவர் பார்ப்பதற்குள் பெருவிரலால் துடைத்துவிட்டார். வெற்றிலை போடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. பல்லில் ஏதாவது இருக்கும் என்று அன்று நினைத்தார், மறுநாளும் நினைத்தார், இரண்டு மாதம் அந்தப் பல்லைக் குற்றம் சொல்லியே ஓட்டிவிட்டார். அப்போதே போயிருந்தால் என்று இங்கே ஒரு நினைப்பு கிளம்பும். கிளம்பவிடாமல் தலையணையை அமுக்கிக்கொண்டு இருமினார். தலையணைக்குள்ளே அவர் இதயம் அடிப்பது கைக்குத் தெரிந்தது, பிடித்துவைத்த கோழிபோல.

பதினொன்று இருபதுக்கு டெஸ்ட் அறைக்குப் புறப்பட்டார்கள், பர்வீன் முன்னால், அவர் நடுவில், முத்துக்கனி பின்னால் பையோடு. நீளமான வராந்தா. பினாயில் வாசனையும் யாரோ பிரித்த எலுமிச்சைச் சாதத்தின் வாசனையும் கலந்து வந்தது. நடக்கும்போதே மனசுக்குள் ஒத்திகை பார்த்தார்: முழுசாக இழுப்பதுபோலத் தோளை மட்டும் தூக்க வேண்டும், ஊதும்போது கன்னத்தில் காட்ட வேண்டும், நெஞ்சிலிருந்து பாதிதான் போக வேண்டும், முடிவில் ஒரு இருமல் இருமிவிட்டால் நம்புவார்கள். மகள் திருப்பூரிலிருந்து நாளைக்கு வருகிறாள், அவளிடம் என்ன சொல்வது, தேறலைம்மா, டாக்டரே வேண்டாம்னுட்டாரு. அதுவும் பொய் ஆகாது. மயக்க மருந்து கொடுத்தால் மூச்சுவிடுவதுகூட நம் கையில் இல்லை, மெஷின்தான் விடும் என்று சவரிமுத்து சொல்லியிருந்தார். ஐம்பத்தெட்டு வருஷத்தில் ஒரு மூச்சைக்கூட அவர் வேறு யாரிடமும் விட்டதில்லை. மெஷின் நின்றுவிட்டால்? கரண்டு போனால்? ஜெனரேட்டர் இருக்கும். ஜெனரேட்டரில் டீசல் இருக்குமா என்று யார் பார்ப்பார்கள்? எண்ணிக்கொண்டே இரு, பத்துக்குள் தூங்கிவிடுவாய் என்பார்களாம். சவரிமுத்து நாலு வரை எண்ணினாராம். நாலுக்கு அப்புறம் ஐந்து வராமலே போய்விட்டால், போய்விட்டது என்று யாருக்குத் தெரியும், அவருக்கே தெரியாது, அதுதான், அதுதான் அவரால் தாங்க முடியாதது. வராந்தாவின் நடுவில் நின்றுவிட்டார். "மூச்சு வாங்குதாய்யா?" என்று பர்வீன் திரும்பிக் கேட்டாள். ஆமாம் என்றார். மூச்சு வாங்கவில்லை.

அறை சின்னது. ஒரு நாற்காலி, ஒரு மேசை, கம்ப்யூட்டர், அதிலிருந்து வருகிற குழாயின் முனையில் ஒரு அட்டைக் குழல். முத்துக்கனியைக் கதவோரம் உட்காரச் சொன்னாள் பர்வீன். அவர் மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டினாள். "மூணு தடவை ஊதணும்ய்யா. எது கூடுதலா வருதோ அதை எடுத்துக்கிடுவோம். நல்லா இழுத்து, ஒரே மூச்சா, இனி உள்ள ஒண்ணுமே இல்லைங்கிற வரைக்கும் ஊதணும்." முதல் தடவை ஒத்திகைப்படியே நடந்தது. தோள் ஏறியது, கன்னம் உப்பியது, பாதி காற்று போனது, இருமல்கூட ஒழுங்காக வந்தது. இரண்டாவது தடவை இன்னும் நன்றாகவே நடித்தார். பர்வீன் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், முகத்தில் கோபம் இல்லை, ஒரு வாட்டம்தான் இருந்தது. "இவ்வளவுதான் வருதுன்னா பரவால்லய்யா, டாக்டர்ட்ட சொல்லிக்கிடலாம். ரெண்டு நிமிஷம் ஆறிட்டுக் கடைசியா ஒரு தடவை." முடிந்தது. நாலு நாளாக விடாத அரிப்புக்கூட நின்றுவிட்டது. வெட்ட மாட்டார்கள். மத்தியானம் ஒன்றரை பஸ்ஸைப் பிடித்துவிடலாம். ஜன்னலோரச் சீட்டு, பக்கத்தில் முத்துக்கனி, மடியில் பை. திருமங்கலம் தாண்டினால் வெயில், கருவேலங்காடு, பழகின காற்று, அவர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், உள்ளே மேல்பாகத்தில் அதுவும் உட்கார்ந்திருக்கும். அதுவும் கூடவேதான் பஸ் ஏறும். கல்லுப்பட்டி விலக்கில் அவர் தூங்கினாலும் அது தூங்காது. கடையைத் திறந்தால் அதுவும் வந்து டயருக்குப் பின்னால் உட்காரும். இன்றைக்கு நெல்லிக்காய், ஆடிக்கு எவ்வளவு, தீபாவளிக்கு எவ்வளவு. அதற்கப்புறம் என்ற இடம் வந்துவிட்டது, இந்தத் தடவை மனசு திரும்பி நடக்கவில்லை, வாசலைத் தாண்டி உள்ளே போய்ப் பார்த்துவிட்டது. முன்வாசலில் போன பயம் பின்வாசல் வழியாக வந்து, முன்னைவிடத் தாராளமாக, சம்மணம் போட்டு உட்கார்ந்தது. ஓடிப்போக இடமே இல்லை. வெட்டினாலும் பயம், வெட்டாவிட்டாலும் பயம். "ஊதலாமாய்யா?" என்றாள் பர்வீன். அட்டைக் குழல் வாய்க்கு வந்தது.

பாதிதான் என்று முடிவு செய்துகொண்டுதான் இழுத்தார். இழுக்க ஆரம்பித்தது பாதியில் நிற்கவில்லை. வயிறு விரிந்தது, விலா விரிந்தது, டாக்டர் விரலால் போட்ட கோடு நெடுக விரிந்தது, எங்கேயோ அடியில் இத்தனை நாள் மடிந்து கிடந்த இடமெல்லாம் விரிந்தது. அப்புறம் ஊதினார். "ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, நிறுத்தாதீங்க, ஊதுங்க" என்று பர்வீன் கத்துவது தூரத்தில் கேட்டது. காற்று தீர்ந்தது, தீர்ந்த பிறகும் ஊதினார், கண்ணில் பூச்சி பறந்தது, நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன, உள்ளே ஒன்றுமே இல்லாத அந்த ஒரு நொடியில் ஐயோ என்று அவருக்குள் ஒரு குரல் அழுதது, அதையும் சேர்த்து ஊதினார்.

பர்வீன் திரையில் வந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள். "இவ்வளவையும் எங்கய்யா வச்சிருந்தீங்க?" என்றாள். பிறகு, "திங்கட்கிழமை காலைல ரெடியா இருங்க" என்று சொல்லிவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போனாள்.

வராந்தா பெஞ்சில் முத்துக்கனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். விரலை மடக்கி எண்ணினார். திங்கட்கிழமை. சனி, ஞாயிறு, திங்கள். எதிரே ஒரு அம்மா தூக்குச்சட்டியைத் திறந்து யாருக்கோ சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு, கனி" என்றார். வெளியே கேட்கச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"தெரியும்" என்றாள் முத்துக்கனி. பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "மொத ரெண்டு தடவையும் நீங்க ஊதலை. அந்தப் பந்தையும் ரெண்டு நாளா இழுக்கலை."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். "தெரிஞ்சுக்கிட்டா பேசாம இருந்த? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டாள். வாரை அவிழ்த்து, மறுபடி சுற்றினாள். விரல் நுனி சிவந்துபோயிருந்தது.

"நான் சொல்லி நீங்க ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்து, எந்திரிக்காமப் போயிட்டீங்கன்னா, அப்புறம் நான் எப்படிங்க இருப்பேன்" என்றாள்.